அல்லி முதல் மாடஸ்டி வரை: கதைகளில் வீரப் பெண்

வீரப் பெண்ணைப் படைப்பதில் எச்சமூகமும் தயங்கியதில்லை. புறநானூற்று மறக்குடி மகளிர் தொடக்கம் இன்றைய திரையில் வானிற் பறக்கும் நாயகியர் வரை, ஆடவரை மிஞ்சும் ஆற்றலுடைய பெண்ணைக் கற்பனை செய்வதில் மனிதர் என்றும் இன்பங் கண்டே வந்துள்ளனர். சிக்கல் அவளைப் படைப்பதில் அன்று. படைத்த பின்னர் அவளை என்ன செய்வது என்பதிலேயே எழுகின்றது. ஆகவே, வீரப் பெண் சித்திரிக்கப்பட்ட முறையை ஆராய்வோர் இரு வினாக்களை எழுப்புதல் வேண்டும். அவளுக்கு ஆற்றல் எங்கிருந்து வந்தது? கதை முடியும்போது அவ்வாற்றல் யாரிடம் இருக்கின்றது? இவற்றுள் இரண்டாவது வினாவே முதன்மையானது என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாக்களைப் பொகவந்தலாவையிலிருந்து எழுப்புவதற்குக் காரணம் உண்டு. கெசல்கமு ஓயா பாயும் இப்பள்ளத்தாக்கின் மலைகளிலே கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலார் பெண்கள். இடையிலே படங்கு கட்டி, தலையிற் கயிறிட்டுக் கூடை சுமந்து, செங்குத்தான மலையில் நாள் முழுதும் நிற்கும் அவர்களின் உருவம் தேயிலைப் பெட்டிகள் மீது புன்னகையுடன் அச்சிடப்பட்டு உலகெங்கும் சென்றுள்ளது. ஆனால், வீரக்கதை எதனிலும் அவர்கள் நாயகியராக வைக்கப்படவில்லை. வீரப் பெண்களின் கதைகளைக் கேட்டும் பார்த்தும் வளர்ந்த ஒரு சமூகத்தின் பெண்களுக்கு அக்கதைகள் எதனைக் கொடுத்தன, எதனை மறுத்தன என்பது வெறும் இலக்கிய வினா அன்று.

தென்னிந்தியாவிலிருந்து வந்து மலையகத்திற் குடியேறிய மக்கள் தம்முடன் கொணர்ந்த செல்வங்களுள் கதைப்பாடல்களும் கூத்துகளும் முக்கியமானவை. பெரிய எழுத்துப் புத்தகங்களாக அச்சேறிய அல்லி அரசாணி மாலை அத்தகையது. தமிழ் மரபிலே தனித்து நாடாண்ட வீரப் பெண்ணுக்கு அல்லியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டுக் கூறுவது கடினம். அவள் மதுரையை ஆள்கின்றாள். ஆண்களை வெறுத்து, தன் ஆணையே சட்டமாக வாழ்கின்றாள். அவளை விரும்பிய அருச்சுனன் போரிட்டு அவளை வெல்லவில்லை. கண்ணனின் துணையுடன் பாம்புருவங் கொண்டு அவளது பள்ளியறை புகுந்து, அவள் உறங்கும்போது தாலி கட்டுகின்றான். விழித்திருக்கும்வரை வெல்ல முடியாத பெண்ணை உறக்கத்திலேதான் வெல்ல முடிந்தது என்பதைக் கதையே தன்னையறியாது ஒப்புக்கொள்கின்றது. அதன் பின்னர் அவள் மனைவி, புலந்திரனின் தாய். ஆட்சி பின்னணிக்குச் செல்கின்றது.

மலையகத்தில் வழங்கிய காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியனவும் இங்கு நோக்கத்தக்கவை. பொன்னர் சங்கர் கதையில் உடன்பிறந்தாளாகிய தங்காள், வரவிருப்பதைக் கனவிலே முன்னறியும் ஆற்றல் வாய்ந்தவள். எனினும் அவ்வாற்றல் அண்ணன்மாருக்காகவே இயங்குகின்றது. அவர்கள் வீழ்ந்த பின் அது ஒப்பாரியாக மாறுகின்றது. காமன் கூத்தின் இரதியும் அழுபவளே. அதிலும், இரதியாக வேடமிட்டு ஆடி வந்தோர் ஆடவரே. பெண்ணின் துயரைக்கூட ஆணே நடித்துக் காட்டிய அரங்கில், பெண்ணின் வீரத்தைப் பெண்ணே ஆடிக் காட்ட இடமிருந்திராது என்பது தெளிவு.

அவ்விடத்தை முதலில் அளித்தது திரைப்படமாகும். 1935 இல் பம்பாயின் வாடியா மூவிடோன் நிறுவனம் ஹோமி வாடியாவின் நெறியாள்கையில் ‘ஹண்டர்வாலி’ என்னும் இந்திப் படத்தை வெளியிட்டது. அவுஸ்திரேலியாவிற் பிறந்த நாடியா, கையிலே சாட்டையும் முகத்திலே முகமூடியுமாகத் தோன்றி, குதிரையேற்றத்தையும் சண்டைகளையும் தாமே நடத்திக் காட்டினார். இரண்டாண்டுகளின் பின், 1937 இல், கே. அமர்நாத் இயக்கிய ‘மின்னல் கொடி’ தமிழில் வெளிவந்தது. கே. ரி. ருக்மணி அதன் நாயகி. துயருற்று வீட்டை விட்டு வெளியேறும் மோகினி, இறக்குந் தறுவாயிலிருந்த கொள்ளைக்காரன் ஒருவனின் பெயரையும் தோற்றத்தையும் மேற்கொண்டு, செல்வரிடம் பறித்து வறியோர்க்கு வழங்குகின்றாள். அவளைப் பிடிக்க வரும் காவலதிகாரியே அவள் காதலனாகின்றான்.

இவ்விரு படங்களிலும் பொதுவான அமைப்பொன்றைக் காணலாம். முதலாவதாக, பெண் வாளேந்துவதற்கு ஒரு நியாயம் தேவைப்படுகின்றது. காக்க வேண்டிய தந்தை இல்லாது போவதே அந்நியாயம். ஹண்டர்வாலியில் தந்தையாகிய அரசன் சதிக்குள்ளாகின்றான். மின்னல் கொடியில் தந்தை இறந்துவிடுகின்றான். இரண்டாவதாக, அவளுக்கு வேறொரு பெயர் தேவைப்படுகின்றது. சொந்தப் பெயரிலே அவள் மகள். முகமூடியின் பெயரிலேதான் வீராங்கனை. மூன்றாவதாக, முடிவிலே அவள் முகமூடியைக் கழற்றுகின்றாள். நீதி நிலைநாட்டப்பட்டதும் வாளுக்கு வேலையில்லை. மின்னல் கொடி மறைகின்றாள், மோகினி மணமகளாகின்றாள்.

எல்லா வீரக்கதைகளும் மணத்தில் முடிவது இயல்பே, இதிற் குறை காண்பது ஏன் என்று சிலர் வினவலாம். அவர்களுக்கு அருச்சுனனே விடை. அவன் பலரை மணந்தான். ஒவ்வொரு மணத்தின் பின்னரும் வில் அவன் கையிலேயே இருந்தது. ஆண் வீரனுக்குத் திருமணம் வெற்றிகளுள் ஒன்று. பெண் வீராங்கனைக்கோ அது போர்க்களத்திலிருந்து பெறும் ஓய்வு. வேறுபாடு மணத்தில் இல்லை. மணத்தின் பின்னர் ஆயுதம் எங்கே வைக்கப்படுகின்றது என்பதில் உள்ளது.

இது கீழைத்தேயத்துக்கு மட்டும் உரிய குறை என்று கருதுவதற்கில்லை. ஐக்கிய அமெரிக்காவில் வில்லியம் மோல்ட்டன் மார்ஸ்டன் என்ற உளவியலாளர் படைத்த ‘வொண்டர் வுமன்’ 1941 இல் சித்திரக்கதையில் அறிமுகமானாள். ஆடவரற்ற தீவிலே வளர்ந்த அமேசான் குலத்து இளவரசி அவள். அவளது ஆற்றலுக்குத் தந்தையின் மறைவு காரணமாக வைக்கப்படாமை அக்காலத்திற் புதுமையே. ஆனால், 1942 இல் ஆண் வீரர்களின் கழகத்தில் அவள் சேர்க்கப்பட்டபோது அவளுக்குக் கிடைத்த பதவி செயலாளர் பதவி. மற்றையோர் போருக்குச் செல்ல, தெய்வ வலிமை பெற்ற பெண் கூட்டக் குறிப்பு எழுதினாள். 1968 இல் கதாசிரியர்கள் அவளது ஆற்றல்களை முற்றாக நீக்கி, அவளை உடைக்கடை நடத்துபவளாக்கினர். பெண்விடுதலை இயக்கத்தினர் இதனை எதிர்த்தனர். 1972 யூலையில் ‘மிஸ்’ என்ற பெண்கள் சஞ்சிகை அவளது பழைய உருவைத் தன் அட்டையில் வெளியிட்டது. 1973 இல் ஆற்றல் அவளிடம் மீண்டது. எழுதுவோர் பறித்ததை வாசிப்போர் மீட்டுக் கொடுத்த நிகழ்ச்சி இது. கற்பனைப் பெண்ணொருத்தியின் வலிமைக்காக உண்மைப் பெண்கள் போராட வேண்டியிருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

தமிழ்ச் சித்திரக்கதை உலகை நோக்குவோம். 1960 இல் தினத்தந்தியில் தொடங்கிய ‘கன்னித்தீவு’, மந்திரவாதியாற் சிற்றுருவாக்கப்பட்ட இளவரசி லைலாவையும் அவளை மீட்க அலையும் சிந்துபாத்தையும் மையமாகக் கொண்டது. பெண் இங்கே சுமந்து செல்லப்படும் பொருள். 1972 இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபோதும் அதன் நாயகன் இரும்புக்கை மாயாவியே. 1984 யூலையில் லயன் காமிக்ஸின் முதலாவது இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’ என்னும் தலைப்புடன் வந்தபோதே நிலை மாறிற்று. ஒரு தமிழ்ச் சித்திரக்கதை வெளியீடு பெண்ணொருத்தியை முன்னிறுத்தித் தன் பயணத்தைத் தொடங்கியது.

மாடஸ்டி பிளைஸ் 1963 இல் இலண்டன் மாலைப் பத்திரிகையொன்றிலே பீற்றர் ஓடொனல் எழுத, ஜிம் ஹோல்டவே வரையத் தோன்றியவள். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 இல், பாரசீகத்திற் படைவீரராக இருந்த ஓடொனல் தனித்தலைந்த அகதிச் சிறுமியொருத்தியைக் கண்டார். அச்சிறுமியின் நினைவே பின்னர் மாடஸ்டியாயிற்று. கதையின்படி அவள் கிரேக்க நாட்டு அகதி முகாமிலிருந்து வெளியேறியவள். தாய் தந்தையரை அறியாள், பிறந்த நாட்டை அறியாள், பிறந்தபோது இட்ட பெயரையும் அறியாள். முதியவரொருவர் மாடஸ்டி எனப் பெயரிட, பிளைஸ் என்பதை அவளே சேர்த்துக்கொண்டாள். பிரித்தானியக் குடியுரிமைக்காக ஆங்கிலேயன் ஒருவனைச் சட்டப்படி மணந்து விலகியவள் அவள்.

மலையக வாசகர் இவ்விடத்திற் சற்றுத் தரித்து நிற்பர். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்கள் அவர்தம் முன்னோர். 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கைகளாகப் பிரித்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பற்றிப் பின்னர் முடிவு. 1988, 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வரை நாடற்ற நிலை முற்றாக நீங்கவில்லை. மாடஸ்டி தமிழ் பேசத் தொடங்கிய 1984 இல், நாடில்லாதவள் என்பது பொகவந்தலாவைப் பெண்ணுக்கு வீரக்கதையின் விறுவிறுப்பான தொடக்கமாக இருக்கவில்லை. அது அவளது அன்றாட நிலைமை.

மாடஸ்டியின் சித்திரிப்பிற் குறையில்லை என்பது பொருளன்று. அவளது உடல் ஆண் வாசகரின் கண்ணுக்காகவே பெரிதும் வரையப்பட்டது. எதிரிகளைத் திகைக்க வைக்க அவள் தன் உடலையே கருவியாக்கும் கட்டங்களும் உண்டு. எனினும் நமது இரண்டாவது வினாவுக்கு அவள் தரும் விடை அல்லியும் மின்னல் கொடியும் தரும் விடையன்று. அவளது தோழன் வில்லி கார்வின் அவளுக்குக் கீழ்ப்படிந்து நிற்பவன்; காதலனுமல்லன், கணவனுமல்லன். 1963 முதல் 2001 வரை தொடர்ந்த அச்சித்திரத் தொடரில் அவள் ஆற்றலைக் கையளிக்கவில்லை. மணம் அவளுக்குக் குடியுரிமைப் பத்திரமாயிற்று. ஆயுதத்தைக் கீழே வைக்கும் சடங்காகவில்லை.

பிற்காலத் திரைப்படங்கள் இருவேறு வழிகளிற் சென்றன. 1990 இல் தெலுங்கில் ‘கர்த்தவ்யம்’ ஆகவும் தமிழில் ‘வைஜெயந்தி ஐ. பி. எஸ்.’ ஆகவும் வந்த படத்திலே விஜயசாந்தி காவலதிகாரியாகத் தோன்றினார். அந்நடிப்புக்கு இந்தியத் தேசிய விருதும் பெற்றார். அங்கே ஆற்றல் பதவியிலிருந்தும் பயிற்சியிலிருந்தும் வருகின்றது, முகமூடி தேவைப்படவில்லை. 1995 இன் ‘அம்மன்’ போன்ற படங்களிலோ ஆற்றல் முழுதும் தெய்வத்தினுடையது. மண்ணுலகப் பெண் கண்ணீருடன் காத்திருப்பவள். 2017 இல் பற்றி ஜென்கின்ஸ் இயக்கிய ‘வொண்டர் வுமன்’ படமும், 2025 இல் களியங்காட்டு நீலியின் தொன்மத்தை மீட்டெடுத்த மலையாள ‘லோகா’வும், அஞ்சத்தக்கவளாகவோ அடக்கத்தக்கவளாகவோ கருதப்பட்ட பெண்ணை மீண்டும் நாயகியாக்கியுள்ளன. எனினும் இவர்கள் அனைவருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு: அவர்கள் ஒவ்வொருவரும் தனியர்.

மலையகப் பெண்ணின் வரலாறு இதற்கு மாறானது. சம்பளச் சபைகள் நீண்ட காலம் ஆணுக்கு ஒரு நாட்கூலியும் பெண்ணுக்கு அதனிற் குறைந்த நாட்கூலியும் விதித்திருந்தன. அந்த வேறுபாடு நீங்கியது, தோட்டத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தை அடுத்து, அதே 1984 இல். மாடஸ்டி தமிழுக்கு வந்த ஆண்டே கொழுந்து பறிக்கும் பெண் சமசம்பளம் பெற்ற ஆண்டு. இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆயினும் அருகருகே வைத்துப் பார்த்தல் பயனுடையது. இவ்வெற்றியில் முகமூடியில்லை, மந்திர வளையமில்லை, தனியொரு நாயகியுமில்லை. பிள்ளைமடுவத்தில் குழந்தையை விட்டு மலையேறியவர்கள் பலர் ஒன்றாக மலையேற மறுத்தனர். வெற்றியின் பின்னரும் அவர்களின் ஆற்றல் அவர்களிடமே இருந்தது.

பெயர் அறியப்பட்டோரும் இல்லாமலில்லை. கோ. நடேசய்யருடன் இணைந்து பணியாற்றிய மீனாட்சியம்மாள், தோட்ட மக்களின் துயரைப் பாடல்களாக்கிக் கூட்டங்களிற் பாடியவர். 1940 இல் அவற்றை நூலாகவும் வெளியிட்டார். இத்தகைய பெண்ணைப் பற்றி ஒரு சித்திரக்கதையோ முழுநீளத் திரைப்படமோ எழுந்திருந்தால், அதற்குக் கற்பனையான இரண்டாம் பெயர் தேவைப்பட்டிராது.

பொகவந்தலாவையின் புனித மரியாள் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில், 1879 இல் மறைந்த ஜூலியா மார்கரெட் கமரோன் துயில்கின்றார். ஆங்கிலப் பெண்களைப் பழங்கதை அரசியராகவும் தேவதையராகவும் அலங்கரித்துப் படம்பிடித்த பெரும் புகைப்படக் கலைஞர் அவர். இலங்கையில் அவர் எடுத்த படங்களில் உழைக்கும் மக்கள் உள்ளனர். அவர்களுட் பலருக்குப் பெயரில்லை. ஒரு பெண்ணுக்குப் பல பெயர் சூட்டி அழகு பார்த்த கலை, மற்றொருத்தியின் ஒரே பெயரையும் எழுதி வைக்கவில்லை.

தோட்டத்து வழக்கில் ஒரு நாள் வேலைக் கணக்குக்குப் ‘பேர்’ என்று பெயர். கொழுந்தின் நிறை குறைந்தால் அன்று ‘அரைப்பேர்’. வீரக்கதைகள் பெண்ணுக்கு இரண்டு பெயர் கொடுத்து ஒன்றை இறுதியிற் பறித்தன. தோட்டக் கணக்கு அவளது ஒரே பேரையும் பாதியாக்கியது. பல்கலைக்கழகத்தில் மலையக வரலாறு பயிலும் மாணவர், தத்தம் ஊர்ப் பாட்டிமாரிடம் 1984 பற்றிக் கேட்டு, அவர்தம் பெயர்களை முழுமையாக எழுதிவைப்பாராயின், நமது இரண்டாவது வினாவுக்கு ஏட்டிலே இல்லாத விடையொன்று கிடைக்கக்கூடும்.