மொட்டை மாடியில் ஒரு மண்குதிரை



சென்ற மூன்று மாதங்களில் நம் வாட்ஸ்அப் குழுவில் அதிகம் அடிபட்ட விஷயம், மொட்டை மாடி மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டதுதான். பிளம்பர் வந்து குழாயைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே கெட்டியாகக் களிமண். மூன்றாம் மாடியில் பத்தாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவன், பிசைந்த மண் ஒட்டிய வாளியை வாரா வாரம் அங்கேயே கழுவிக் கொட்டியிருக்கிறான். மறுநாளே "மாடியில் மண் வேலை கூடாது" என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்டது. குழாய் சரியாகிவிட்டது. அவன் செய்துகொண்டிருந்த ஒன்றரை அடிக் குதிரை மட்டும், மூன்று காலோடு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சாக்கு போர்த்திக் கிடக்கிறது.

கமிட்டி செய்தது தவறு என்று சொல்ல வரவில்லை. அடைத்த குழாயால் மழைத் தண்ணீர் இறங்கி நனைந்தது என் வீட்டுச் சுவரும்தான். ஆனால் வரும் பொதுக்குழுவில் இது பேச்சுக்கு வரப்போகிறது. அதற்கு முன், அந்தப் பையன் கையில் எடுத்திருக்கும் வேலைக்கு நம் ஊரில் எவ்வளவு நீண்ட கதை இருக்கிறது என்பதை எல்லோரும் ஒருமுறை தெரிந்துகொண்டால் நல்லது என்று தோன்றியது.

"மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே" என்பது நாம் எல்லோரும் கேட்ட பழமொழி. அது மண் 'குதிர்', அதாவது ஆற்று நடுவே இருக்கும் மணல் திட்டு என்று விளக்கம் சொல்வோரும் உண்டு. எப்படியானாலும், மண்ணால் செய்தது நிலைக்காது என்பதுதான் நம் மனதில் பதிந்த பொருள். மதுரையைச் சுற்றி வாழ்ந்தவர்கள் அது நிலைக்காது என்று தெரிந்துதான் செய்தார்கள். கரைந்தாலும் உடைந்தாலும் திரும்பவும் செய்தார்கள். அந்தத் திரும்பச் செய்தலில்தான் கலை பிழைத்தது.

கீழடியிலிருந்து தொடங்குவோம்

நம் ஊரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தென்கிழக்கே இருக்கிறது கீழடி. இந்தியத் தொல்லியல் துறை 2015-இல் அங்கே அகழாய்வைத் தொடங்கியது. பிறகு தமிழகத் தொல்லியல் துறை தொடர்ந்தது. 2019-இல் வெளியான அறிக்கை, அங்கு கிடைத்த ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்றது. உறைகிணறு, எழுத்துப் பொறித்த பானை ஓடு என்று நாம் பெருமையாகப் பேசும் பொருட்களோடு, சுடுமண்ணால் ஆன சிறு மனித உருவங்களும் விலங்கு உருவங்களும் விளையாட்டுக் காய்களும் அங்கே கிடைத்தன. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்கு நம்மில் பலர் போய் வந்திருப்போம். இன்னொரு முறை போனால் பெரிய கிணற்றைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல், அந்தச் சின்ன உருவங்களின் முன்னே கொஞ்சம் நில்லுங்கள். பெரிய அரசனுக்காகவோ பெரிய கோயிலுக்காகவோ செய்தவை போல அவை தெரியவில்லை. விரலால் கிள்ளி, பிடித்து, சுட்டு எடுத்தவை.

பிடிமண்

இரண்டாயிரம் ஆண்டுகள் தாண்டி வந்தால் நம் பக்கத்துக் கிராமங்களின் ஐயனார் குதிரைகள். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரங்களில் இவற்றைச் செய்பவர்கள் வேளார் சமூகத்தினர். பானை வனைவதும் அவர்களே. பல ஊர்களில் ஐயனார் கோயில் பூசாரியும் அவர்களே. ஸ்டீஃபன் இங்கிலிஸ் என்ற ஆய்வாளர் இவர்களைப் பற்றி எழுதிய நூலை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1980-இல் வெளியிட்டது. வெளிநாட்டிலிருந்து வந்து ஒருவர் நூல் எழுதும் அளவுக்கு இருந்த வேலையை, பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு நாம் விட்டுவிட்டோம்.

புரவி எடுப்பு என்ற திருவிழா தொடங்குவதே ஒரு பிடி மண்ணில்தான். ஊர் கூடி முடிவு செய்து, வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். அந்த மண்ணை அவர் தம் மண்ணோடு சேர்த்துக் குதிரை செய்வார். விழா நாளில் கண் திறந்து, மாலை போட்டு, ஊர்வலமாகத் தூக்கிக்கொண்டு போய்க் கோயிலில் நிறுத்துவார்கள். அதோடு அந்தக் குதிரையின் வேலை முடிந்தது. அதன்பின் வெயிலும் மழையும் அதைப் பார்த்துக்கொள்ளும். காது உடையும், தலை விழும், நடுவில் வேப்பங்கன்று முளைக்கும். யாரும் ஒட்டுப்போட மாட்டார்கள். அடுத்த புரவி எடுப்புக்குப் புதுக் குதிரை வரும். பழையது பக்கத்திலேயே மண்ணாகும்.

குதிரை ஏன் சாய்ந்தது?

நம் பையனின் குதிரை இரண்டு முறை கால் மடங்கி விழுந்தது. "கம்பி வச்சேன் தாத்தா, அப்பவும் விரிசல் விட்டுருச்சு" என்றான். அவன் முழு உடலையும் ஒரே நாளில் செய்து, கம்பிக் காலில் தூக்கி நிறுத்தியிருக்கிறான். ஈரமண் காயும்போது சுருங்கும். உள்ளே இருக்கும் கம்பி சுருங்காது. விரிசல் வராமல் என்ன செய்யும்?

வேளார் செய்யும் முறை வேறு. முதலில் நான்கு கால்கள், உள்ளே கூடாக, குழாய் போல. அவை ஓரளவு இறுகியபின் வயிறு. அது இறுகியபின் கழுத்து, கடைசியில் தலை. கீழே இருப்பது தாங்கும் அளவுக்குக் காய்ந்த பிறகுதான் மேலே ஈரமண் ஏறும். களிமண்ணோடு மணலும் உமியும் வைக்கோலும் கலப்பதால் சுருக்கம் குறையும்; ஈரம் வெளியேற வழியும் கிடைக்கும். உள்ளே ஈரம் மிச்சமிருக்கும் பொம்மையைச் சூளையில் வைத்தால் அந்த ஈரம் ஆவியாகி வெடிக்கச் செய்துவிடும். ஆகவே பொறுமைதான் இதில் பாதி வேலை. வைக்கோலும் விறகும் வறட்டியும் அடுக்கி, மேலே மண் பூசி மூட்டும் சூளை வேலை அதற்குப் பிறகு.

சீனாவில் 1974-இல் கிணறு தோண்டிய விவசாயிகள் கண்டெடுத்த, 2,200 ஆண்டுப் பழமையான சுடுமண் படைவீரர்களுக்கும் உடல் உள்ளே கூடுதான். பெரிய மண் உருவம் செய்ய நினைத்த எவரும் வந்து சேர்ந்த இடம் அது. மூன்றாவது முறை விழுந்தபோது நம் பையனும் அங்கேதான் வந்து சேர்ந்தான்: கம்பியை உருவிப் போட்டுவிட்டு, காகிதத்தைச் சுருட்டி அதன்மேல் மண் சுற்றிக் கால் செய்யத் தொடங்கினான். மூன்று கால் முடிந்திருந்தது. அப்போதுதான் குழாய் அடைத்துக்கொண்டது.

விளாச்சேரி

திருப்பரங்குன்றம் பக்கத்தில் இருக்கும் விளாச்சேரியைப் பரிதிமாற்கலைஞர் பிறந்த ஊராகப் பலர் அறிவோம். 1870-இல் அங்கே பிறந்தவர் அவர். அதே ஊர்தான் நம் வீட்டுக் கொலுப்படிகளை நிரப்பும் ஊரும். விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார், நவராத்திரிக்குக் கொலுச் செட், கார்த்திகைக்கு அகல், கிறிஸ்துமஸுக்குக் குடில் பொம்மை என்று அங்கே ஆண்டு முழுவதும் மண் வேலைதான். எந்த மதத்துப் பண்டிகை என்று மண் கேட்பதில்லை.

அந்தப் பையனையும் அவன் அம்மாவையும் அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன். முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சில் மண்ணை அழுத்தி, எடுத்து ஒட்டி, ஒட்டிய தடத்தை ஈரவிரலால் வழித்து, நிழலில் உலர்த்தி, பிறகு வெயிலில் வைத்து, சுட்டு, வண்ணம் பூசுகிறார்கள். ஒரு வீட்டுத் திண்ணையில் நாலைந்து பேர் ஆளுக்கொரு வேலையாகச் செய்துகொண்டிருந்தார்கள். நம் பையன் கைப்பேசியில் தன் குதிரைப் படத்தைக் காட்டினான். அங்கிருந்த ஒரு அம்மா படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஒரு உருண்டை மண்ணை அவன் கையில் வைத்து அழுத்திப் பார்க்கச் சொன்னார். கடையில் பாக்கெட்டில் வாங்கிய மண்ணுக்கும் இதற்கும் வித்தியாசம் அவன் முகத்திலேயே தெரிந்தது.

அங்கே நான் கவனித்தது ஒன்று. ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு ஆயுள் வைத்திருக்கிறார்கள். பிள்ளையாரைச் சுடுவதில்லை. மூன்று நாளில் தண்ணீரில் கரைய வேண்டும் என்பதால் பச்சை மண்ணாகவே இருக்கிறார். கொலு பொம்மையைச் சுடுகிறார்கள். சுட்ட மண் மறுபடி குழைமண்ணாக மாறாது; பாட்டி வாங்கியதைப் பேத்தி படியில் வைக்கலாம். கோயில் கோபுரத்துச் சுதைச் சிற்பத்துக்கும் இதே கணக்கு உண்டு. சுண்ணாம்பும் மணலும் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்ந்த அந்தச் சிற்பங்களைக் குடமுழுக்குக்குக் குடமுழுக்குப் பழுதுபார்த்து வண்ணம் தீட்டுகிறார்கள். மீனாட்சி அம்மன் கோயிலில் 2009 ஏப்ரல் குடமுழுக்குக்கு முன்பு கோபுரங்கள் சாரம் கட்டி நின்றது பலருக்கு நினைவிருக்கும். நாம் நூற்றாண்டு கடந்தது என்று அண்ணாந்து பார்க்கும் உருவத்தின் மேல்பூச்சு, பல கைகள் திரும்பத் திரும்பச் செய்தது.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையாரின் சிக்கலும் இந்த இடத்தில்தான். கரைய வேண்டிய உருவத்தைக் கரையாத பொருளில் செய்கிறோம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 மே மாதம் வெளியிட்ட திருத்திய வழிகாட்டுதல்களில் அதைத் தவிர்க்கச் சொன்னதற்குக் காரணம் இதுவே.

பொழுதுபோக்காகச் செய்தவர்கள்

"அவங்க பரம்பரையா செய்றாங்க. நம்ம பையனுக்கு எதுக்கு, படிக்கிற வயசுல?" என்று நம் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. சென்னை எழும்பூர் கவின் கலைக் கல்லூரியின் தொடக்கத்தைப் பாருங்கள். 1850-இல் அதைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர் சிற்பி அல்ல, ராணுவ மருத்துவர். கலையில் இருந்த ஈடுபாட்டால் தாமே தொடங்கிய பள்ளி அது. பிறகு அரசு எடுத்துக்கொண்டது. 1929-இல் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி செய்ததுதான் மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலை. 1959-இல் திறக்கப்பட்டது. நான்கு பேர் பாறையைப் பெயர்க்கும் அந்தச் சிலை வெண்கலம். ஆனால் அத்தகைய வெண்கல உருவத்துக்கும் முதல் வடிவம் சிற்பி கையில் மண்ணாகத்தான் பிறக்கிறது.

மண் எங்கே?

விளாச்சேரியில் கேட்ட குறை, பொம்மை விற்கவில்லை என்பதைவிட மண் கிடைப்பது கடினம் என்பதுதான். நல்ல களிமண் கண்மாயில்தான் இருக்கும். மழைக்காலத்தில் வரும் வெள்ளத்தில் கனமான மணல் முதலில் தங்கிவிடும். நுண்ணிய வண்டல் கண்மாய் வரை வந்து, தேங்கிய நீரில் மெல்லப் படியும். கோடையில் அதை வெட்டி எடுத்தால் கண்மாயும் ஆழமாகும், வயலுக்கு உரமும் ஆகும், வேளாருக்கு மண்ணும் ஆகும். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமின்றி எடுத்துக்கொள்ள 2024-இல் தமிழக அரசு விதியை எளிதாக்கியது. நல்ல காரியம். ஆனால் எடுக்கக் கண்மாய் இருக்க வேண்டுமே! உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே உலகனேரிக் கண்மாயில் எழுந்ததுதான். நம் அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டியபோது கறுப்பாக, கொழகொழவென்று மண் வந்ததை முதலில் வீடு வாங்கியவர்கள் பார்த்திருப்பார்கள். நாம் எதன்மேல் குடியிருக்கிறோம் என்பதை அந்த நிறமே சொல்லும்.

பொதுக்குழுவுக்கு என் கோரிக்கை

மூன்று சின்ன விஷயங்கள்தான்.

ஒன்று, ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில் காலியாகக் கிடக்கும் இடத்தில் ஒரு பழைய மேசை போட அனுமதி. வாளியைக் குழாயடியில் கழுவாமல், தெளியவைத்து மேல் நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அடிமண்ணைத் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. பையன் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டான். தாள் என்னிடம் இருக்கிறது.

இரண்டு, வரும் சதுர்த்திக்கு நம் குடியிருப்புப் பிள்ளையாரை விளாச்சேரியில் பச்சை மண்ணில் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்குவோம். நம் வளாகத்திலேயே தொட்டியில் கரைப்போம்.

மூன்று, கரைந்த மண்ணைக் கொட்டிவிடாமல் அந்த மேசைக்குக் கொடுப்போம். ஊர் கொடுக்கும் பிடிமண் போல இருக்கட்டும்.

அந்தக் குதிரைக்கு இன்னும் ஒரு கால் பாக்கி. சாக்கு காய்ந்துவிடாமல் தினமும் காலையில் நான்தான் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறேன். பொதுக்குழு வரை தாங்கும்.