படியில் விடுபட்டவை

திருவேங்கடமலைக் கோயிலின் சாசனங்களை ஆராயப் புகும் எவருக்கும் முதலில் விளங்கவேண்டிய விஷயம், அங்கே மிகப் பழமையானவை என்று போற்றப்படும் கல்வெட்டுகளிற் பல, அவை முதன்முதல் வெட்டப்பெற்ற கல்லில் இன்று இல்லை என்பதே. 13ஆம் நூற்றாண்டில், வீர நரசிங்க யாதவராயன் அந்தச் சீமையை ஆண்டுவந்த காலத்தில், திருப்புல்லாணி தாசர் என்னும் பக்தர் கோயிலைப் பிரித்துப் புதுப்பிக்கும் கைங்கரியத்தை மேற்கொண்டார். சுவர் போனால் சுவரிலிருந்த தர்மசாசனமும் போகும், சாசனம் போனால் நிலமும் பொன்னும் எதன்பொருட்டுக் கொடுக்கப்பட்டன என்று கேட்பாரின்றிப் போகும் ஆதலால், பழைய கல்லில் இருந்தவற்றைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீளவும் பொறித்துவைத்தார்கள்.

இந்த வழக்கம் திருமலைக்கு மட்டும் உரியதன்று. திருக்கோடிகாவலில் செம்பியன் மாதேவியார் கற்றளி எடுப்பித்தபோது, சிதறிக்கிடந்த பழங்கற்களின் வாசகங்களைப் புதுச்சுவரில் ஏற்றி, அவை பழங்கல்லின் படி என்பதையும் முன்னே குறித்துவைக்கச் செய்தார். திருமழபாடியில் ராஜராஜ சோழன் விமானத்தைப் பிரித்துக் கட்டக் கட்டளையிட்டு, கல்லில் இருந்தவற்றைப் புத்தகத்தில் ஏற்றிக்கொள்ளுமாறு பணித்தான். அவை மறுபடியும் கல்லுக்கு வந்து சேர்ந்தது அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில். இடைப்பட்ட ஆண்டுகளில் அத்தனை தானங்களுக்கும் ஆதாரம் ஓலை ஒன்றே என்பதை நினைத்தால், அந்த ஓலையைக் காத்தவர்மீது நமக்கு ஒரு மரியாதை பிறக்கிறது.

ஆயினும் படி என்பது மூலம் ஆகிவிடாது. சாமவை என்னும் காடவன் பெருந்தேவி, வெள்ளியாலான மணவாளப்பெருமாள் திருமேனியை எழுந்தருளுவித்து, ஆபரணங்களும் நிலமும் அளித்த செய்தியைக் கூறும் திருமலைச் சாசனம், இவ்வாறு மறுபடி பொறிக்கப்பட்டவற்றுள் தலைசிறந்தது. அந்தத் திருமேனியே போக ஸ்ரீநிவாசர் என்ற பெயரில் இன்றும் கர்ப்பக்கிருகத்தில் ஆராதனை கொண்டருளுகிறார். சாசனத்தில் 14ஆம் ஆட்சியாண்டு சொல்லப்படுகிறது. அரசன் பெயரும் சொல்லப்படுகிறது. ஆனால் அவன் எந்த அரசன் என்பதே வழக்காகிவிட்டது. பெயரை மகேந்திரன் என்று கொண்டு 7ஆம் நூற்றாண்டுக்கு, கி.பி. 614க்கு, ஏற்றிச் சொன்னவர்கள் உண்டு. பார்த்திவேந்திரன் எனக் கொண்டு கி.பி. 966 என்போரே இன்று மிகுதி. மூலக்கல் கைக்குக் கிடைத்திருந்தால், எழுத்தின் வடிவத்தைக் கொண்டே காலத்தை நிர்ணயித்துவிடலாம். படியெடுத்த சிற்பியோ வாசகத்தைக் காத்தானேயன்றி எழுத்தின் வடிவைக் காக்கவில்லை. தன் காலத்து எழுத்திலேயே வெட்டிவிட்டான். அவனைக் குறை கூறுதல் தகாது. தானம் நிலைக்கவேண்டும் என்பதே அவனுக்கு இடப்பட்ட ஆக்ஞை. ஏழு நூற்றாண்டு கழித்து வரும் பண்டிதர்களின் வாதம் அவன் கவலை அன்று.

கணினிக்கும் இதே இடர் உண்டு என்று சொன்னால் சாசனப் பண்டிதர் சிலர் முகம் சுளிக்கக்கூடும்; எனினும், ஓலைச்சுவடிகளெல்லாம் நிழற்படமாகி வட்டுக்குள் புகுந்துவரும் இந்நாளில் அதைச் சொல்லாமல் இருப்பதற்கில்லை. லினக்ஸில் 'சிபி' என்னும் கட்டளை, தேதியைப் பேணுமாறு தனியே சொல்லாவிட்டால், படியெடுத்த நாளையே கோப்பின் தேதியாக்கிவிடும். சாமவையின் சாசனத்துக்கு நேர்ந்ததும் அதுவே. விண்டோஸின் 'எக்ஸ்காப்பி', கேட்டாலன்றி மறைகோப்புகளைத் தொடாது. 'ஆர்சிங்க்', உரிய குறிப்பின்றி ஏவினால், வேறோர் இடத்தைச் சுட்டிநிற்கும் இணைப்புகளைத் தாண்டிப் போய்விடும். படிக்க அநுமதி இல்லாதவையும், வேறொரு நிரல் திறந்து பிடித்துவைத்திருப்பவையும் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். 'ரோபோகாப்பி' முடிவில் கொடுக்கும் கணக்கில் 'ஸ்கிப்டு' என்னும் பத்தியைப் பார்த்துப் பதறுவோர் பலர். அது பெரும்பாலும், மறுபக்கத்தில் ஏற்கெனவே மாற்றமின்றி இருப்பதால் மறுபடி எடுக்கத் தேவையற்றுப்போன கோப்புகளின் எண்ணிக்கையே. அஞ்சவேண்டியது 'ஃபெயில்டு' என்ற பத்தியை. அதற்கும் ஒரு விசித்திரம் உண்டு: வேறு விதமாகப் பணிக்காவிடில், படிக்க முடியாத ஒரே கோப்பின் வாசலில் நின்று, 30 வினாடிக்கு ஒரு தடவையாக 10 லட்சம் தடவை தட்டிப்பார்ப்பது அதன் இயல்பு, வேலை நடந்துகொண்டிருப்பதாக எண்ணி இரவில் உறங்கப் போனவர் விடியற்காலையில் ஏமாறுவார். ஆகையால் கட்டளையோடு ஒரு குறிப்பேட்டையும் எழுதச்சொல்லி, மூலத்தின் பட்டியலையும் படியின் பட்டியலையும் பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்புநோக்குவதே முறை.

அந்த முறையும் திருமலைக்குப் புதிதன்று. ராஜேந்திர சோழன் காலத்தில், கொற்றமங்கலமுடையான் என்னும் அதிகாரி திருச்சானூரில் அமர்ந்து விசாரணை நடத்தினார்; திருமலையில் விளக்கெரிக்கப் பொன் பெற்றுக்கொண்ட திருமுண்டியத்துச் சபையார், எரிக்கவேண்டியவற்றுள் சிலவற்றையே எரித்து மற்றவற்றைக் கைவிட்டிருந்தமை, ஏட்டையும் விளக்கையும் ஒப்பிட்ட பிறகே வெளிப்பட்டது.

1801 முதல் 1843 வரை கோயில் நிர்வாகம் கும்பினியார் கையில் இருந்தது.   கும்பினி அதிகாரிகள் வரவையும் செலவையும் பரிசாரகர் உரிமைகளையும் பட்டியலிடுவதில் காட்டிய சிரத்தை அளவற்றது. 1821இல் புரூஸ் வகுத்த விதிகள் அதற்குச் சான்று. அக்காலத்திலேதான் தெலுங்கு இலக்கணம் எழுதிய காம்பெல் என்னும் அதிகாரி, திருமலையில் செப்பேடுகள் குவிந்திருப்பதைக் கேள்வியுற்று ஆராயச் செய்தார். அவர் நாடியது பழைய இலக்கண நூல். அப்படி ஒன்று கிடைத்துப் படியெடுக்கப்பட்டது; மற்ற ஏடுகளில் இருந்தவையோ பெருமாளைப் பற்றிய பாடல்கள். அவை தமக்கு வேண்டியவை அல்ல என்று கண்டதும் அந்த முயற்சி அதோடு நின்றது. பூட்டு தடுக்கவில்லை, எழுத்து மங்கவில்லை. தேடியவரின் நோக்கத்தின் எல்லைக்கு வெளியே இருந்ததால் மட்டுமே ஒரு மகாநிதி விடுபட்டது.

அது தெலுங்குக் கவியான அன்னமாசாரியரின் சங்கீர்த்தன பண்டாரம். தேவஸ்தானச் சாசனங்களை மைப்படி எடுத்து, 1930இல் அறிக்கையும் அதன் பின் தொகுதிகளும் வெளிவர உழைத்த சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் கண்ணில் அது 1922இல் பட்டது. பின்னர் வேட்டூரி பிரபாகர சாஸ்திரியாரும், ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மாவும் பதிப்புப் பணியைத் தொடர்ந்தனர். அன்னமாசாரியர் 32,000 சங்கீர்த்தனங்கள் பாடியதாக அவருடைய பேரர் சின்னதிருவேங்களநாதர் எழுதிய சரிதம் கூறுகிறது. செப்பேடுகளில் எஞ்சியவை ஏறக்குறைய 12,000. பேரர் அந்தத் தொகையை எழுதிவைக்காமற் போயிருந்தால், கிடைத்ததே முழுமை என்று நாம் மகிழ்ந்திருப்போம்.

தேவஸ்தானப் பதிப்புகள் ஒவ்வொரு பாடலோடும் அது பொறிக்கப்பட்ட செப்பேட்டின் எண்ணையும் சேர்த்து அச்சிடுகின்றன; எந்த எண்ணுக்குரிய ஏடு இல்லை என்பது, பக்கத்தைப் புரட்டும் வாசகனுக்கே தெரிந்துவிடுகிறது.