ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், பிரேக் பழுதுநீக்கப் பயிற்சி

இந்தியாவின் ஐ.டி.ஐ.க்களில் 2 ஆண்டுகள் கற்பிக்கப்படும் மோட்டார் வாகன மெக்கானிக் படிப்பின் முக்கியப் பகுதி. ஓட்டுபவரின் உயிர் நம்பியிருக்கும் இம்மூன்று அமைப்புகளையும் கழற்றி, அளந்து, திரும்ப மாட்ட மாணவர்கள் பழகுகிறார்கள்.

டை ராடு முனையின் ஆட்டம், பால் ஜாயிண்ட்டின் தேய்மானம், ஷாக் அப்சார்பரின் எண்ணெய்க் கசிவு ஆகியவற்றைக் கண்டுபிடிப்பது அடிப்படைப் பாடம். டயரின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால், சக்கரக் கோணம் பிசகியிருக்கலாம் என்று பழகிய கண் உடனே ஊகித்துவிடும்.

பிரேக்கில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 4 வகை ஆயிலுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் 155. நீண்ட மலை இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டானால், மிதி அடிவரை இறங்கினாலும் பிரேக் பிடிக்காது. ஆயில் மாற்றும்போது குழாயிலுள்ள காற்றை வெளியேற்றும் ‘பிளீடிங்’ வேலையும் இப்பயிற்சியில் அடங்கும்.