கேம் அப்டேட்டும் சின்ன நெட் கனெக்‌ஷனும்: ஒரு முப்பது வருடக் கதை

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நம்மில் பலர் போனில் போட்டிருப்பது தினம் ஒன்றரை ஜிபி தரும் ரீசார்ஜ். ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை இணைத்ததும் ஒரு கேம் 30 ஜிபி அப்டேட் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு எதற்கும் நெட்டைத் தொடாமல் இருந்தால்கூட அது இறங்கி முடிக்க 20 நாள் ஆகும். அதற்குள் அடுத்த அப்டேட் வந்து வாசலில் நிற்கும் :-)

இது புதிதாக முளைத்த தொல்லை இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் நீளும் கதை. படிக்கப் படிக்க எனக்குத் தோன்றியது இதுதான்: இதில் டெக்னாலஜி இரண்டாம் பட்சம். முதல் கேள்வி வேறு. அப்டேட் எப்போது இறங்க வேண்டும் என்று முடிவு செய்வது யார்? நெட்டுக்குக் காசு கட்டுகிறவரா, கேமை விற்கிறவரா?

நாமே தேடிப் போன காலம்

1993 டிசம்பர் 10 அன்று ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் டூம் விளையாட்டை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சர்வர் ஒன்றில் ஏற்றியது. சிலர் சேர்ந்து நெட்வொர்க்கில் ஒருவரை ஒருவர் சுட்டு விளையாடலாம் என்பது அதன் பெரிய கவர்ச்சி. ஆனால் முதல் பதிப்பில் ஒரு கோளாறு இருந்தது. விளையாடுகிறவரின் கணினிக்கு மட்டும் போக வேண்டிய தகவலை, அந்த நெட்வொர்க்கில் இருக்கும் எல்லாக் கணினிகளுக்கும் அது அனுப்பிக்கொண்டிருந்தது. நாலு பேர் விளையாடினால் மொத்த ஆபீஸும் திணறும். கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் இன்டெல் நிறுவனமும் தங்கள் நெட்வொர்க்கில் டூமுக்குத் தடை போட்டன. 1994 தொடக்கத்தில் வந்த 1.2 பதிப்பு இதைச் சரிசெய்தது. கவனித்தீர்களா? கேம் உலகின் பழைய பேட்ச்களில் பெயர்பெற்ற ஒன்று, நெட்வொர்க்கின் பாரத்தைக் குறைக்க வந்தது!

அன்று எந்தப் பேட்ச்சும் தானாக வராது. உங்களுக்கு வேண்டுமென்றால் நீங்கள்தான் தேடிப் போய் எடுக்க வேண்டும். 14.4 மோடத்தில் ஒரு நொடிக்கு அதிகபட்சம் 1.8 கேபி இறங்கும். அதாவது ஒரு எம்பிக்குக் கிட்டத்தட்ட பத்து நிமிடம். அவ்வளவு நேரமும் வீட்டு போன் எங்கேஜ்டு. அதனால் பலர் பத்திரிகையோடு வரும் சிடியை நம்பியிருந்தார்கள். நம் நாட்டில் டிஜிட், சிப் போன்ற கணினிப் பத்திரிகைகள் சிடியோடு வந்ததைப் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒருவர் வாங்கினால் தெருவே காப்பி அடித்துக்கொள்ளும்.

வேலை அதிகம்தான். ஆனால் முடிவு விளையாடுகிறவர் கையில் இருந்தது. பழைய பதிப்பே போதும் என்றால் அப்படியே விட்டுவிடலாம். கேம் கோபித்துக்கொள்ளாது.

தானியங்கி அப்டேட் ஏன் வந்தது?

கம்பெனிகள் நம்மைத் துன்புறுத்தவே இதைக் கண்டுபிடித்தார்கள் என்று நினைத்தால் அது தப்பு. ஆன்லைனில் சேர்ந்து விளையாட எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். என் கணினியில் துப்பாக்கியின் வேகம் ஒன்றாகவும் உங்கள் கணினியில் வேறாகவும் இருந்தால் ஆட்டம் எப்படி நடக்கும்? 1998இல் வந்த ஸ்டார்கிராஃப்ட், பேட்டில்.நெட் சர்வரோடு இணைந்ததும் பதிப்பைச் சரிபார்த்து, பழையதாக இருந்தால் பேட்ச்சைத் தானே இறக்கிக்கொண்டது.

பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது வால்வ் நிறுவனம். அவர்களுடைய ஹாஃப்-லைஃப் 1998இல் வெளியானது. அதை அடிப்படையாக வைத்து மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு பேர் 1999இல் உருவாக்கியது கவுண்டர்-ஸ்ட்ரைக். அது ஊரெல்லாம் பரவிய பிறகு வால்வுக்கு ஒரு தலைவலி. ஒவ்வொரு முறை பேட்ச் வெளியிட்டதும், எல்லோரும் அதைத் தேடிப்பிடித்துப் போட்டுக்கொள்ளும் வரை பெரும்பாலோர் சில நாட்கள் ஆட்டத்துக்கு வெளியே நின்றார்கள். ஏமாற்றி விளையாடுகிறவர்களைப் பிடிக்க அவசரமாகத் திருத்தம் செய்தாலும் அது போய்ச் சேர நாளாகும்.

இதற்கு அவர்கள் கண்ட மருந்துதான் ஸ்டீம். 2002 மார்ச்சில் அறிவித்தார்கள். 2003 செப்டம்பர் 12 அன்று வெளியிட்டார்கள். 2004 ஜூலை இறுதியில் பழைய வான் சர்வர்கள் மூடப்பட்டன. அதே வருடம் நவம்பரில் வந்த ஹாஃப்-லைஃப் 2 விளையாட்டைக் கடையில் காசு கொடுத்து டிஸ்க்காக வாங்கினாலும், ஸ்டீமில் ஒரு முறையாவது நெட் வழியாகப் பதிவு செய்யாமல் ஆட முடியாது.

வால்வ் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த ஏற்பாட்டின் செலவு யார் தலையில் விழுந்தது?

56கே மோடத்தில் நல்ல நாளில் நொடிக்கு 5 கேபி வரும். 50 எம்பி பேட்ச்சுக்கு மூன்று மணி நேரம். நம் நாட்டுக்கு வாருங்கள். 2004இல் அரசு வெளியிட்ட பிராட்பேண்ட் கொள்கை, 256 கேபிபிஎஸ் வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட் என்றது. அந்த வேகத்தில் ஒரு ஜிபி இறங்க ஒன்பது மணி நேரம். பிஎஸ்என்எல்லின் சில திட்டங்களில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை அளவில்லாமல் இறக்கலாம் என்று ஒரு சலுகை இருந்தது. அந்த ஆறு மணி நேரம் முழு வேகம் கிடைத்தால் 675 எம்பி. அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடைத் தட்டிவிட்டுத் தூங்கப் போன ஒரு தலைமுறையே உண்டு. பெரிய ஃபைல் என்றால் இரண்டு மூன்று இரவு.

ஸ்டீமின் ஆரம்ப வருடங்களில் ஒவ்வொரு கேமுக்கும் ‘தானாக அப்டேட் செய்யாதே’ என்று ஒரு வசதி இருந்தது. பின்னாளில் அதை எடுத்துவிட்டு ‘நான் கேமைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் செய்’ என்று மாற்றினார்கள். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் முதலாவது ‘வேண்டாம்’. இரண்டாவது ‘அப்புறம்’. தள்ளிப்போடலாம், மறுக்க முடியாது.

உங்கள் அப்லோடும் எங்களுக்கே

2004 நவம்பரில் ப்ளிஸார்ட் நிறுவனம் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டை வெளியிட்டது. இலட்சக்கணக்கானோருக்கு ஒரே நாளில் பேட்ச் அனுப்ப வேண்டும். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்டது, பிராம் கோஹன் 2001இல் வெளியிட்ட பிட்டொரண்ட் முறை. நீங்கள் இறக்கிய துண்டுகளையே உங்கள் கணினி மற்றவர்களுக்கும் அனுப்பும்.

யோசனை அருமை. கம்பெனியின் சர்வர் பாரம் குறையும். ஆனால் பாரம் எங்கும் காணாமல் போவதில்லை, இடம் மாறுகிறது. வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் அப்லோட் வேகம் டவுன்லோடை விடக் குறைவு. அது நிரம்பிவிட்டால் மற்ற வேலைகளும் நின்றுவிடும். அளவுக்கட்டுப்பாடு உள்ளவருக்கோ இறக்கியதும் கணக்கு, ஏற்றியதும் கணக்கு. இதற்காகவே அந்த டவுன்லோடரில் பகிர்வை நிறுத்தும் வசதியும் இருந்தது. அப்படி ஒரு பெட்டி இருக்கிறது என்று தெரிந்தவர்கள் தப்பித்தார்கள்.

2013: நெட் இல்லாதவன் எங்கே போவான்?

2013 ஜூனில் மைக்ரோசாஃப்ட், புதிதாக வரப்போகும் எக்ஸ்பாக்ஸ் ஒன் 24 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது நெட்டில் இணைய வேண்டும் என்று அறிவித்தது. நெட் சரியாகக் கிடைக்காதவர்கள் என்ன செய்வது என்று கேட்டபோது, அன்று அந்தப் பிரிவின் தலைவராக இருந்த டான் மேட்ரிக், அவர்களுக்கு எங்களிடம் எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கிறது என்ற பொருளில் பதில் சொன்னார். அதாவது, சின்ன நெட் வைத்திருப்பவன் பழைய மாடலிலேயே இருந்துகொள்ளட்டும்!

எதிர்ப்பு கிளம்பியது. ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. ஆனாலும் நவம்பரில் பெட்டி கடைக்கு வந்தபோது, வாங்கிய முதல் நாளே ஒரு அப்டேட் இறக்கினால்தான் அது முழுதாக வேலை செய்யும் என்ற நிலை. தினசரிக் கட்டாயம் போனது, முதல் நாள் கட்டாயம் நின்றது.

2020: எல்லோரும் ஒரே படகில்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

2020 மார்ச். கொரோனா ஊரடங்கு. உலகமே வீட்டிலிருந்து நெட்டில் வேலை பார்த்தது, படித்தது, பொழுதைப் போக்கியது. இணையத்தின் பெரும் குழாய்களே நெருக்கடியைச் சந்தித்தன. சோனி ஐரோப்பாவில் பிளேஸ்டேஷன் டவுன்லோட் வேகத்தைக் குறைப்பதாக அறிவித்தது. உள்ளடக்கத்தை உலகெங்கும் கொண்டுசேர்க்கும் அகமாய் நிறுவனம், நெரிசல் மிகுந்த நேரத்தில் கேம் டவுன்லோடுகளைக் கட்டுப்படுத்த மைக்ரோசாஃப்டோடும் சோனியோடும் பேசி ஏற்பாடு செய்தது. வால்வ் என்ன செய்தது தெரியுமா? கடந்த மூன்று நாட்களில் நீங்கள் விளையாடிய கேமுக்கு மட்டும் உடனே அப்டேட். மற்றவற்றுக்கு அவசரமில்லை, சில நாட்களில் பரப்பி, நெரிசல் இல்லாத நேரமாகப் பார்த்து இறக்கலாம் என்று மாற்றியது.

இதை இன்னொரு முறை படியுங்கள். விளையாடுகிற கேமை மட்டும் அப்டேட் செய். மற்றதைக் கூட்டமில்லாத நேரத்தில் இறக்கு. இரவு 2 மணிக்கு அலாரம் வைத்தவர்கள் பல வருடமாகச் செய்துவந்தது இதைத்தானே! ‘நெட் இல்லாதவன் பிழைப்பு’ என்று பார்க்கப்பட்டது, நெருக்கடி வந்ததும் உலகத்துக்கே சட்டமானது.

இன்னொன்றும் அப்படித்தான். ஹாஸ்டலில் ஒருவன் இறக்கிய கேம் ஃபோல்டரை மற்றவர்கள் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி அடித்துக்கொள்வது பழைய வழக்கம். 2023 பிப்ரவரியில் வால்வ் இதையே ஸ்டீமுக்குள் ஒரு வசதியாகக் கொண்டுவந்தது. ஒரே லோக்கல் நெட்வொர்க்கில் உள்ள ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு நேரடியாக கேமை மாற்றிக்கொள்ளலாம்.

அளவு குறைய முடியாதா?

முடியும். ஸ்டீம் 2013 வாக்கில் மாறிய ஸ்டீம்பைப் முறை, ஃபைல்களைச் சுமார் ஒரு எம்பி துண்டுகளாக வெட்டி, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்புகிறது. ஆனால் கேமை உருவாக்குகிறவர் எல்லாவற்றையும் ஒரே பெரிய ஃபைலில் கட்டி, ஒவ்வொரு முறையும் உள்ளே வரிசையை மாற்றி அடுக்கினால், சின்ன மாற்றத்துக்கும் பல துண்டுகள் மாறிவிடும். நம் டேட்டா போகும்.

2019இல் வந்த கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர், அடுத்தடுத்த அப்டேட்களால் 2020இல் கணினியில் 200 ஜிபி அளவுக்கு வீங்கியது. மறுபக்கம், 2025 இறுதியில் ஹெல்டைவர்ஸ் 2 கணினிப் பதிப்பு 154 ஜிபியிலிருந்து 23 ஜிபியாகச் சுருங்கியது. பழைய ஹார்ட் டிஸ்க்குகளில் வேகமாகத் திறக்கட்டும் என்று ஒரே ஃபைலைப் பல இடத்தில் வைத்திருந்தார்கள். அந்தப் பிரதிகளை நீக்கினார்கள், அவ்வளவுதான். கேம் அதே கேம். ஆக, பெரிய அளவு என்பது எப்போதும் தலைவிதி இல்லை. யாரோ எடுத்த முடிவு. நெட் தாராளமாக இருக்கிறவர் எடுத்த முடிவுக்கு, நெட் குறைவாக இருக்கிறவர் டேட்டா கட்டுகிறார்.

நம் கையில் இருப்பது

ஸ்டீமில் அப்டேட்டுக்கு நேரம் குறிக்கலாம், வேகத்துக்கு உச்சவரம்பு வைக்கலாம், திறக்கும்போது மட்டும் என்று மாற்றலாம். விண்டோஸில் 2012இல் வந்த 8 பதிப்பிலிருந்தே, இது அளவுக்கட்டுப்பாடு உள்ள இணைப்பு என்று கணினிக்குச் சொல்லிவைக்க முடிகிறது. ஹாட்ஸ்பாட் போடுகிறவர்கள் அதை முதலில் செய்யுங்கள்.

இந்த வசதிகள் ஒன்றும் தானமாக வந்தவை இல்லை. மோடத்தில் காத்திருந்தவர்கள், சிடி பகிர்ந்தவர்கள், 2013இல் சத்தம் போட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கியவை. ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை மட்டும் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. ‘அப்புறம்’ வரைக்கும் வந்திருக்கிறோம்.