கண்மாய் ஆரையும் தொட்டி அசோலாவும்

காரியாபட்டி பக்கம் மழை பெய்து கண்மாய் பெருகினால் கரையோரச் சேற்றில் ஆரைக்கீரை படரும். காம்பு நுனியில் நான்கு சிற்றிலைகள், அந்தி சாய்ந்ததும் அவை மடங்கிக்கொள்ளும். கறவை மாடு வைத்திருப்பவர்கள் தார்ப்பாய் விரித்த தொட்டியில் வளர்க்கும் அசோலாவோ மண்ணைத் தொடாமல் நீரில் மிதப்பது, இலை கடுகளவுதான். பார்வைக்கு எந்த ஒட்டுறவும் இல்லாத இந்த இரண்டும் பெரணிகள். அதிலும் நெருங்கிய பங்காளிகள். பெரணி என்றதும் கொடைக்கானலையும் குற்றாலத்தையும் நினைக்கிறோம். ஆனால் பெரணிகளின் வம்ச வரலாற்றில் நெடுநாள் நீடித்த ஒரு வழக்கின் சாட்சிகள் இந்தக் கரிசல் சீமையிலேயே இருக்கின்றன. அந்த வழக்கைத் தீர்த்ததில் மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு. தோற்றத்தை மட்டும் வைத்து அதைத் தீர்த்திருக்க முடியாது என்பதே என் வாதம்.

தோற்றத்தைப் படித்தவர்களைக் குறைத்து மதிப்பிடவில்லை. சென்னை மாகாண வனத்துறையில் பணிபுரிந்த பெட்டோம் 1863-லேயே தென்னிந்தியப் பெரணிகளைப் படங்களோடு நூலாக்கத் தொடங்கினார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் மாணிக்கமும் இருதயராஜும் 1992-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரணிகளைத் தொகுத்தார்கள். இந்த அடித்தளம் இல்லாவிட்டால் எந்த மரபணுவை எந்தச் செடியின் பெயரில் எழுதுவது? ஆனால் உருவம் உறவைச் சொல்லும்போது தடுமாறியது. பாடநூல்கள் ஆரையை ஒரு வரிசையிலும், அசோலாவையும் அதைப் போலவே நீரில் மிதக்கும் சால்வினியா என்ற பெரணியையும் வேறொரு வரிசையிலும் வைத்தன. இரு தரப்புக்கும் பொதுவான விசித்திரம் ஒன்று உண்டு: பெரும்பாலான பெரணிகளில் ஸ்போர் ஒரே வகை, இவற்றில் மட்டும் பெரிது சிறிது என்று இரண்டு வகை. ஆரையின் அடிக்காம்பில் அவரை விதை போலக் கெட்டியாக இருக்கும் ஸ்போரோகார்ப்பின் ஓரத்தைச் சீவி நீரில் போட்டால், சிறிது நேரத்தில் உள்ளிருந்து கூழ்போன்ற ஒரு சரடு நீண்டு வரும். ஸ்போர்ப் பைகள் அதில் வரிசையாக ஒட்டியிருக்கும். அசோலாவில் இந்த ஏற்பாடு இல்லை. எனவே தண்ணீர் வாழ்க்கைக்காக இரண்டும் தனித்தனியே இந்த வழிக்கு வந்தன என்று பலர் கருதினர்.

குரோமோசோம் எண்ணிக்கை உதவும் என்று ஒரு காலத்தில் நம்பிக்கை பிறந்தது. 1954-இல் திருவனந்தபுரத்தில் ஆபிரகாமும் நைனானும் ஓபியோகிளாசம் ரெட்டிகுலேட்டம் என்ற சிறு பெரணியில் சுமார் 1260 குரோமோசோம்களைக் கண்டார்கள். மனிதனுக்கு 46 மட்டுமே. ஒரு வம்சத்தில் குரோமோசோம்கள் எத்தனை முறை பெருகியிருக்கும் என்பதை எண்ணிக்கை காட்டும், யாருக்கு யார் உறவு என்பதைச் சொல்லாது. அதைச் சொன்னது எழுத்து எழுத்தாகப் படிக்கப்பட்ட டி.என்.ஏ. 1994-இல் ஜப்பானைச் சேர்ந்த ஹசெபேயும் சக ஆய்வாளர்களும் பசுங்கணிகத்தில் உள்ள ஆர்பிசிஎல் என்ற மரபணுவைப் பல பெரணிகளில் ஒப்பிட்டபோது ஆரை, அசோலா, சால்வினியா மூன்றும் ஒரே கிளையில் சேர்ந்தன. அதே ஆண்டில் ராத்வெலும் ஸ்டாக்கியும் கனடாவின் ஆல்பர்ட்டாவில் கிடைத்த ஹைட்ரோப்டெரிஸ் என்ற புதைபடிவத்தை விவரித்தார்கள். டைனோசர் காலத்துச் செடியான அதன் ஸ்போரோகார்ப் ஆரையை நினைவூட்டியது, ஸ்போர்களோ அசோலா பக்கத்தைச் சேர்ந்தவை. கல்லும் மரபணுவும் ஒன்றுக்கொன்று தெரியாமல் ஒரே சாட்சியம் சொன்னது எனக்கு இன்றும் வியப்பு.

ஒரே ஒரு மரபணுவை, அதுவும் பசுங்கணிகத்தில் உள்ளதை நம்பலாமா என்று கேட்பது நியாயம். பசுங்கணிகம் பெரும்பாலும் தாய்வழியே வருவதால் கலப்பினங்களில் பாதிக் கதையே தெரியும். அதனால்தான் ஆய்வு அங்கே நிற்கவில்லை. 2015-இல் 25 உட்கரு மரபணுக்களைக் கொண்டு பெரணிகளின் உறவுகளை மீண்டும் சோதித்தார்கள், நீர்ப்பெரணிகளின் ஒற்றுமை குலையவில்லை. இதைவிடக் கடுமையான கேள்வி ஒன்று உண்டு. மரபணுக்கள் சில சமயம் வம்சம் விட்டு வம்சம் தாவுமே? உண்மை. லக்னோவின் தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தார் 2016-இல் டெக்டேரியா என்ற பெரணியின் புரதம் ஒன்றைப் பருத்தியில் புகுத்தி வெள்ளை ஈயைத் தடுத்துக் காட்டினார்கள். பருத்தி விளையும் இந்த மாவட்டம் கவனிக்க வேண்டிய செய்தி அது. ஃபே-வெய் லீ குழுவினர் 2018-இல் அசோலா, சால்வினியா இரண்டின் முழு மரபணுத்தொகுதியையும் வெளியிட்டபோது அந்தப் புரதத்தின் மரபணுவுக்கு உறவான ஒன்று சால்வினியாவில் இருந்தது, அசோலாவில் இல்லை. பாக்டீரியாவிலிருந்து பெரணிக்குத் தாவி வந்திருக்க வேண்டும் என்றார்கள். ஆனால் தாவியது தாவியதுதான் என்று எப்படித் தெரிந்தது? மற்ற ஆயிரக்கணக்கான மரபணுக்கள் ஒரு கதை சொல்ல, இது மட்டும் வேறு கதை சொன்னதால். விதிவிலக்கை அடையாளம் காட்டுவதே விதியின் வலு. அசோலா இலைக்குழியில் வாழ்ந்து காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தரும் நீலப்பச்சைப் பாசியின் வம்சமும் அசோலாவின் வம்சத்தோடு இணைந்தே கிளைத்திருப்பதை அதே ஆய்வு காட்டியது.

இதில் காரியாபட்டிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஆரையில் இனத்தைப் பிரித்தறிவது கடினம், ஸ்போரோகார்ப் இல்லாத செடியை அனுபவசாலிகளும் உறுதியாகச் சொல்லத் தயங்குவார்கள். நீர் வற்றியும் பெருகியும் மாறும் கண்மாய்க்கேற்ப ஒரே இனம் பல உருவம் காட்டும். இங்கேதான் மரபணு தேவை, அதற்கு முன் செடி தேவை. விருதுநகர் மாவட்டத் தாவரவியல் ஆசிரியர்களே, அடுத்த மழையில் மாணவர்களோடு கண்மாய்க்கரைக்குப் போங்கள். ஸ்போரோகார்ப்போடு செடியைப் பறித்து, ஊரும் தேதியும் எழுதி, தாளில் அழுத்திப் பாடம் செய்யுங்கள். ஒரு துண்டு இலையைச் சிலிக்கா ஜெல்லில் தனியே உலர்த்தி வையுங்கள். டி.என்.ஏ. எடுக்க அது போதும்.