ஒரே மாறி, இரண்டு சிப்

மலேசியாவின் தஞ்சோங் மாலிமில் 1922-இல் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி இன்று சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் (உப்சி). அதே ஊரில் புரோட்டோன் கார் ஆலை. ஆசிரியராகிப் போகிறவர் கையில் எடுப்பது பெரும்பாலும் ஆர்டுயினோ ஊனோ; காருக்குள் ஓடுவதோ பெரிய மைக்ரோகண்ட்ரோலர்கள். ஒரு மாறிக்கு நினைவக முகவரி எப்படி முடிவாகிறது என்பது சிப்புக்குச் சிப் வேறுபடும்; அதை விளக்க, ஊனோவின் ஏடிமெகா328பி சிப்பையும் எஸ்டிஎம்32எஃப்103சி8 சிப்பையும் அருகருகே வைக்கிறேன்.

கம்பைலர் முடித்த கோப்பில் எந்த மாறிக்கும் இறுதி முகவரி இல்லை. அந்தக் கோப்புகளை இணைக்கும் லிங்கர்தான், லிங்கர் ஸ்கிரிப்ட் எனும் விதிக்கோப்பு சொன்னபடி, நிரல், தரவு எனப் பிரிந்த செக்‌ஷன்களை அடுக்குகிறது. ஒவ்வொன்றையும் வைத்ததும் ஸ்கிரிப்டில் வெறும் புள்ளியாக எழுதப்படும் இட எண்ணி அந்த அளவுக்கு நகரும். ஸ்கிரிப்டில் ஒரு சிம்பல், அதாவது ஒரு பெயர், வரும்போது புள்ளி எங்கே நிற்கிறதோ அதுவே அதன் முகவரி.

எஸ்டிஎம்மில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஸ்கிரிப்ட் பெரும்பாலும் நம் திட்டக் கோப்புறையிலேயே இருக்கும். பதினாறடிமானத்தில் ஃபிளாஷ் 08000000-இலும், 20 கிலோபைட் ராம் 20000000-இலும் தொடங்குகின்றன. தொடக்க மதிப்புள்ள மாறிக்கு இரண்டு முகவரி: மதிப்பு கிடப்பது ஃபிளாஷில், மாறி வாழ்வது ராமில். இவற்றின் எல்லைகளை ஸ்கிரிப்ட் சிம்பல்களாக விட்டுச்செல்ல, மெயினுக்கு முன் ஓடும் நிரல் அவற்றைப் பார்த்து நகலெடுக்கிறது. அந்தச் சிம்பலுக்குள் மதிப்பு ஏதும் இல்லை, முகவரி மட்டுமே. சி மொழியில் முகவரிக் குறியின்றிப் படித்தால் அங்கே கிடக்கும் ஏதோ ஒரு தரவுதான் கிடைக்கும்.

ஊனோவில் ஸ்கிரிப்ட் கருவித்தொகுப்புக்குள் மறைந்திருக்கிறது. நிரல் வெளியும் தரவு வெளியும் தனித்தனி. இரண்டும் சுழியத்தில் தொடங்குகின்றன. லிங்கருக்குத் தெரிந்தது ஒரே எண்வரிசை என்பதால் தரவு முகவரியோடு பதினாறடிமானத்தில் 800000 கூட்டப்படுகிறது. அதே பதினாறடிமானத்தில் 100-இல் தொடங்கும் ராம், லிங்கர் முகவரிகளைப் பட்டியலிடும் மேப் கோப்பில் 800100 ஆகத் தெரிவது இதனால்தான்.

உண்மையில் வலிக்கும் வேறுபாடு மாறிலிகளில். எஸ்டிஎம் அவற்றை ஃபிளாஷிலிருந்தே நேராகப் படிக்கும். ஏடிமெகாவின் சாதாரணக் கட்டளைகளால் அது முடியாது. ஆகவே அதன் ஸ்கிரிப்ட் மாறிலிகளையும் தரவுச் செக்‌ஷனில் சேர்க்க, அச்சிடும் வாசகமெல்லாம் ராமுக்கு வந்துவிடுகிறது. 40 எழுத்துள்ள 25 வாசகங்கள், முடிவுக்குறியோடு 1025 பைட். மொத்த ராமே 2048. ஆர்டுயினோவின் 'எஃப்' மேக்ரோ போட்டால் அவை ஃபிளாஷிலேயே தங்கும். தனிக் கட்டளை படித்துத் தரும்.

ஊனோவில் தொடங்கட்டும், தவறில்லை. ஆனால் நினைவகம் பற்றிப் பேசும் நாளில் எஸ்டிஎம்மையும் மேசையில் வைக்க வேண்டும். ஒரே நிரலை இரண்டுக்கும் தொகுத்து, இரு மேப் கோப்புகளிலும் அதே மாறியை மாணவர்களே தேடட்டும்.