ராக்கெட் பார்க்கும் கரையில் யார் இருந்தார்கள்?

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காடு கடற்கரையில் கூட்டம் சேரும். ஏவுதளம் அங்கிருந்து வடக்கே சுமார் 30 கி.மீ. முதலில் நெருப்பு தெரியும். முழக்கம் காதுக்கு வர ஒன்றரை நிமிடம் ஆகும். சூளகிரிப் பக்கம் எங்களோடு வேலை செய்யும் மாணவர்களும் போய்ப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். கூடவே அந்தத் தீவின் வரலாறும் நமக்குத் தெரிய வேண்டும்.

இந்திய விண்வெளி வரலாறு என்றால் தும்பாவைச் சொல்வார்கள். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. மீனவ மக்கள் தங்கள் தேவாலயத்தையே கொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஸ்ரீஹரிகோட்டா கதையில் மக்களே வருவதில்லை.

அந்த இடம் 1969-இல் தேர்வானது. கிழக்கே கடல், ராக்கெட்டின் பாகங்கள் விழுந்தாலும் ஊருக்கு ஆபத்தில்லை. கிழக்கு நோக்கி ஏவினால் பூமியின் சுழற்சி வேகமும் கூடுதலாகக் கிடைக்கும். மக்கள் தொகையும் குறைவு என்றார்கள். அந்தக் குறைவான மக்கள் யார்? யானாதி பழங்குடிகள். தேன், கிழங்கு, மூலிகை, மீன் என்று அந்தக் காட்டையும் ஏரியையும் நம்பி வாழ்ந்தவர்கள். பெரும்பாலோர் தீவை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். 1971 அக்டோபர் 9 அன்று அங்கிருந்து முதல் ரோகிணி ராக்கெட் பறந்தது. 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 வெற்றி பெற்றது.

அன்று நடப்பில் இருந்த 1894-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம் நிலத்தில் உரிமை காட்டுகிறவருக்கே இழப்பீடு தந்தது. மறுவாழ்வு அதில் கிடையாது. தேன் எடுத்த மரத்துக்கு யாரிடம் பட்டா இருக்கும்? பட்டா இல்லாதவர் கணக்கில் வரவில்லை. கணக்கில் வராதவர் வரலாற்றிலும் வரவில்லை.

2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதை ஓரளவு மாற்றியது. நிலம் எடுப்பதற்கு முன் மூன்று ஆண்டுகள் அங்கே வேலை செய்து பிழைத்த விவசாயக் கூலிகள், குத்தகைதாரர்கள், காட்டையும் நீர்நிலையையும் நம்பி வாழ்பவர்கள் எல்லோரும் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் என்றது. அவர்களைக் கணக்கெடுக்கச் சமூகத் தாக்க மதிப்பீட்டையும் கட்டாயமாக்கியது.

ஆனால் தமிழ்நாட்டில் தொழிற்பேட்டைகளுக்கு நிலம் எடுப்பது 1997-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி. அதில் இந்த மதிப்பீடு கட்டாயமில்லை. சிப்காட் விரிந்துகொண்டே போகும் ஓசூர், சூளகிரிப் பகுதிக்கு இது நேரடியான செய்தி. நம் சேரி மக்களில் பலர் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்து, புறம்போக்கில் ஆடு மேய்த்துப் பிழைப்பவர்கள். நிலம் கைமாறும்போது பணம் பட்டாதாரருக்குப் போகும். இவர்கள் பிழைப்பு எந்தக் காகிதத்திலும் இருக்காது.

2024 பிப்ரவரி 28 அன்று குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இலங்கையைச் சுற்றாமல் நேரே தெற்கே ஏவலாம் என்பது அதன் பயன். அறிவியலுக்கு நாம் எதிரிகள் அல்ல. நம் பிள்ளைகள் அங்கே விஞ்ஞானிகளாகப் போக வேண்டும். அதே நேரம், ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று தடுக்கப்படும் மீனவரின் அன்றாடக் கூலியை யார் தருவது என்றும் கேட்க வேண்டும்.

எனவே தோழர்களே, உங்கள் ஊரில் நிலமெடுப்பு அறிவிப்பு வந்தால் காத்திருக்க வேண்டாம். யார் எந்த நிலத்தில் எத்தனை ஆண்டாக வேலை செய்கிறார்கள், எங்கே மேய்க்கிறார்கள், எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள் என்று வீடு வீடாக எழுதுங்கள். கிராம சபையில் அதைத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். யானாதி மக்களுக்கு அப்படி எழுதித்தர அன்று யாரும் வரவில்லை.